நான்கு பாக மிகுபுனைவு நாவலைச் சொந்தச் செலவில் அச்சிடுவது: முதலாம் பாகத்தில் காசைக் கொட்டாதீர்கள்

களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்த கேள்வி இது. நான்கு பாக மிகுபுனைவு (ஃபாண்டசி) நாவல். வாவிக்கு அடியில் ஓர் அரசு, கரையில் ஏழு ஊர். முதலாம் பாகம் 70,000 சொல், பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து முடிந்துவிட்டது. இரண்டாம் பாகம் பாதியில் நிற்கிறது. கையில் 5 இலட்சம் ரூபா. 1,000 பிரதி அடித்தால் ஒரு பிரதி மலிவாக விழும் என்று அச்சகத்தில் சொல்கிறார்கள். அடிக்கலாமா?

வேண்டாம். 300 போதும். அந்த 300ஐயும் இப்போது அடிக்காதீர்கள். இரண்டாம் பாகத்தை முடித்து, மூன்றாம் பாகத்துக்கு ஒரு வரைவாவது வைத்துக்கொண்டு அச்சகப் படி ஏறுங்கள். இதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, அச்சேறிய பிறகு முதலாம் பாகம் கல்வெட்டு மாதிரி. மூன்றாம் பாகத்தில் ஒரு பாத்திரத்துக்கு அண்ணன் தேவைப்படும், முதலாம் பாகத்தில் அவன் தனிப்பிள்ளை என்று எழுதியிருப்பீர்கள். ஏழு ஊரில் ஒன்று ஆற்றுக்குத் தெற்கே என்று நிலப்படத்தில் போட்டிருப்பீர்கள், படை வரவேண்டியது வடக்கிலிருந்து. தனி நாவலில் வராத தொல்லை இது. இரண்டாவது காரணம் வாசகரின் ஞாபகம். புதிய பெயர்களும் புதிய விதிகளும் நிறைந்த கதையை ஒருவர் சில மாதம்தான் மனதில் வைத்திருப்பார். இரண்டு வருடம் கழித்து வருகிற இரண்டாம் பாகத்துக்கு முதலாம் பாகத்தைத் திரும்ப வாசிக்க வேண்டும். அவ்வளவு பொறுமை உங்கள் உறவினர்களுக்குக்கூட இருக்காது.

இனிக் கணக்கு. அச்சுக்கூலி மாதாமாதம் மாறுவதால், கீழே உள்ளவை கணக்குப் பார்ப்பதற்காக வைத்த எண்கள்; உங்கள் அச்சகம் தரும் விலையை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். 1,000 பிரதி, ஒன்று 450 ரூபா என்றால் 4,50,000. 300 பிரதி, ஒன்று 650 என்றால் 1,95,000. பிரதிக்கு 200 ரூபா கூட என்று மனம் உறுத்தும். ஆனால் மிஞ்சுகிற 2,55,000 தான் இரண்டாம் பாகம். நூல் ஒன்றை 1,300 ரூபாவுக்கு வைத்தால், கையில் விற்கும்போது 150 பிரதியில் அச்சுக்காசு திரும்பிவிடும். கடை 35 வீதம் கழிவு எடுத்தால் உங்கள் கைக்கு 845 வரும். கடையை மட்டும் நம்பினால் 231 பிரதி போகவேண்டும். அட்டை ஓவியம், பக்க வடிவமைப்பு, மெய்ப்பு பார்ப்பவருக்கான காசு எல்லாம் இதற்கு வெளியே. பொது விதி ஒன்று சொல்வதானால், அச்சுச் செலவின் இரண்டு மடங்குக்குக் கீழே விலை வைத்தால் கடை விற்பனை வீண். மூன்று மடங்குக்கு வைக்க முடிந்தால் நிம்மதி. முடியாவிட்டால் பக்கத்தைக் குறையுங்கள்.

ஓப்செட் அச்சில் தகடு போடுவது, இயந்திரத்தைத் தயார்ப்படுத்துவது என்று முதல் பிரதிக்கு முன்பே ஒரு தொகை போய்விடும், பிறகு தாள் செலவுதான். அதனால் எண்ணிக்கை கூடக் கூட மலிவு. டிஜிட்டல் அச்சில் அந்த முதற்செலவு இல்லை. பத்து அடித்தாலும் நூறு அடித்தாலும் ஒரு பிரதியின் விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே முதலாம் பாகம் 300 ஓப்செட்டில், தீர்ந்தால் 50, 100 என்று டிஜிட்டலில் என்பது தொடருக்குப் பொருந்தும். பாகம் ஏற ஏற வாசகர் குறைவார்கள். முதலாம் பாகம் 300 என்றால் இரண்டாவதை 200க்கு மேல் அடிக்க அவசரப்படாதீர்கள். ஆனால் முதலாம் பாகம் எப்போதும் கையிருப்பில் இருக்கவேண்டும். அது தீர்ந்துபோன நாளிலிருந்து மற்ற மூன்றும் விற்காது.

வெளியீட்டு விழாவைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் தனி நூலின் செலவு பெரும்பாலும் மண்டபத்திலேயே திரும்பிவிடும். முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று பெயர் வாசிக்க, ஆட்கள் வரிசையாக வந்து என்வலப்பைக் கொடுத்து நூலை வாங்குவார்கள். அதுவும் கலியாண வீட்டு என்வலப்புப் போலத்தான். ஒரு தரம் மனமாரக் கொடுப்பார்கள். எட்டு மாதத்தில் இரண்டாம் பாகத்துக்கும் அழைப்பிதழ் போனால் பாதிப் பேர் வருவார்கள், மூன்றாவதுக்கு வீட்டார்தான். விழாவை முதலாம் பாகத்துக்கும் கடைசிப் பாகத்துக்கும் வையுங்கள். நடுவில் உள்ள இரண்டுக்கும் நூலகத்தில் ஒரு பின்னேர வாசிப்பு போதும். முதல் விழாவில் மேசையில் ஒரு கொப்பி இருக்கட்டும்: பெயர், ஊர், வட்ஸ்அப் இலக்கம். அந்தக் கொப்பிதான் இரண்டாம் பாகத்தின் முன்பதிவுப் பட்டியல்.

அடுத்தது பாமினி. அதிகம் கெட்டுப்போகிற இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். பாமினி என்பது ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் உருவம் போர்த்திய எழுத்துரு. கோப்புக்குள் இருப்பது தமிழ் அல்ல. அதைக் கிண்டிலில் மின்னூலாக ஏற்றினால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல் தெரியும். தேடினால் எதுவும் அகப்படாது. மூலப்பிரதி யூனிகோட்டில், அதாவது எந்தக் கணினியும் தமிழைத் தமிழாகவே அறிகிற குறிமுறையில், இருக்கவேண்டும். இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு, ஆனால் மாற்றியதும் வேலை முடிந்தது என்று நினைக்கவேண்டாம். பாமினியில் காற்புள்ளிச் சாவியில் ‘இ’ இருக்கிறது. காற்புள்ளிக்கு ‘>’ குறியை அழுத்துவோம். ஆகவே சரியாக மாறாத இடங்களில் ‘>’ அப்படியே நிற்கும், ஆங்கிலத்தில் எழுதிய பகுதிகளில் காற்புள்ளி ‘இ’ ஆகிவிடும். ஆங்கிலச் சொற்கள் முழுவதும் அர்த்தமில்லாத தமிழாக மாறும். அவற்றை மாற்றுமுன் வேறு நிறத்தில் அடையாளமிட்டு வெளியே எடுத்துவிடுங்கள். மாற்றியபின் ‘>’, ‘;’ இரண்டையும் தேடிப் பாருங்கள், ‘ஸ்ரீ’ வருகிற இடங்களையும் கண்ணால் பாருங்கள்.

யூனிகோட்டுக்கு வந்த பிறகும் ஒரு கண்ணி இருக்கிறது. ‘கொ’ என்பதை ஒரே குறியாகவும் அடிக்கலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்தும் அடிக்கலாம். பார்வைக்கு ஒன்றுதான், தேடலில் இரண்டு. ‘ஔ’ என்பதற்கு ‘ஒ’வும் ‘ள’வும் அடித்து வைத்திருப்பதும் அப்படியே. ‘கொற்றன்’ என்று பெயர் வைத்துவிட்டு அதைத் தேடும்போது பாதி இடம் அகப்படாமல் போவது இதனால்தான். தனியாக நிற்கும் கொம்பு, கால்களை ஒருமுறை முழுக்கோப்பிலும் மாற்றிச் சீராக்குங்கள்.

பெயரைப் பற்றிச் சொல்லும்போதே பெயர் அட்டவணையையும் சொல்லிவிடுகிறேன். எக்செலில் ஒரு தாள்: பெயர், அது எப்படி வேற்றுமை ஏற்கும், முதலில் வரும் அத்தியாயம், வயது, உறவு, கண்ணுக்குத் தெரியும் அடையாளம். தமிழில் பெயரை நடுவழியில் மாற்றுவது ஆங்கிலத்தில் மாற்றுவதுபோல் இலகுவல்ல. ‘மாரன்’ என்பதை ‘வேலன்’ ஆக்கச் சொன்னால் கணினி ‘குமாரன்’ஐயும் ‘குவேலன்’ ஆக்கிவிடும். ‘நீலம்’ என்ற ஊருக்கு ‘நீலூர்’ என்று பெயர் மாற்றினால் ‘நீலம்’ மட்டும் மாறும். ‘நீலத்தை’, ‘நீலத்தில்’, ‘நீலத்துக்கு’ எல்லாம் பழையபடி நிற்கும். வல்லெழுத்து மிகும் இடங்களில் இன்னொரு வால் ஒட்டியிருக்கும். எனவே ‘எல்லாவற்றையும் மாற்று’ என்ற பொத்தானைத் தொடாதீர்கள், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். இதைவிட நல்லது, பெயர் வைக்கும்போதே மகர ஈற்றை, அதாவது ‘ம்’ என்று முடிவதை, தவிர்ப்பது. கிரந்த எழுத்து பாவிப்பதா இல்லையா, ‘றாணி’யா ‘ராணி’யா, படைத்தலைவனா படைத்தலைவரா என்பதையும் அதே தாளில் எழுதி, மெய்ப்பு பார்ப்பவரிடம் கொடுங்கள். நான்கு பாகத்துக்கும் ஒரே ஆள் மெய்ப்புப் பார்த்தால் பாதிக் கவலை தீரும்.

பேச்சு வழக்கையும் இங்கேயே முடிவு செய்யவேண்டும். கரையூர்க்காரர் ‘மறுகா வாறன்’, ‘என்னகா’ என்று பேசட்டும், அது இந்த நாவலுக்கு உயிர். சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பேச்சைச் சாயலாக எடுத்து ஓர் ஊருக்கு வைத்தாலும் அழகுதான். ஆனால் வாவிக்கு அடியில் உள்ளவர்கள் எந்தத் தமிழ் பேசுகிறார்கள் என்பதை முதலாம் பாகத்திலேயே தீர்மானித்து, நாலாம் பாகம் வரை மாற்றாதீர்கள். யாழ்ப்பாணத்து வாசகரும் தமிழ்நாட்டு வாசகரும் கையில் எடுப்பார்கள் என்றால் கடைசியில் ஒரு பக்கச் சொல்விளக்கம் போடுங்கள். ஒரு பக்கம்தான். பதினைந்து பக்கச் சொற்பட்டியலை யாரும் வாசிப்பதில்லை.

பக்க வடிவமைப்பு. டெமி எட்டிலொன்று, அதாவது 216 × 140 மிமீ, நாவலுக்கு நல்ல அளவு. எழுத்து 11 புள்ளி, வரியிடை 15.5 புள்ளி, பக்கத்துக்கு 32 வரி. உள் ஓரம் 20 மிமீ, வெளி ஓரம் 15 மிமீ. இப்படி வைத்தால் ஒரு பக்கத்தில் 220 முதல் 250 சொல் அடங்கும். 70,000 சொல் ஏறக்குறைய 310 பக்கம், முன்பக்கங்களோடு 320. ஓப்செட்டில் 16 பக்கம் ஒரு மடிப்பு, ஆகவே 320 என்றால் சரியாக 20 மடிப்பு. 323 பக்கத்தில் முடித்தால் அந்த மூன்று பக்கத்துக்காக ஒரு மடிப்பின் காசு போகும். கடைசி அத்தியாயத்தில் நாலு வரியைக் குறைத்தாவது மடிப்புக்குள் கொண்டுவாருங்கள்.

தமிழ்ச் சொல் நீளம் என்பதால் இரு ஓரமும் நேராக்கினால் நடுவில் வெள்ளை ஓட்டைகள் விழும். சொல்லை உடைத்தால் தீரும், ஆனால் புள்ளி வைத்த எழுத்து வரியின் முதலில் வரக்கூடாது. இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோட் தமிழைப் போடுகிறவர் பந்தி அமைப்பில் ‘வேர்ல்ட் ரெடி கம்போசர்’ என்பதைத் தெரிவு செய்யவேண்டும். இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பழைய பேஜ்மேக்கரில் வேலை செய்கிற அச்சகம் யூனிகோட்டை வாங்காது, பாமினியில்தான் கேட்கும். கொடுங்கள், குற்றமில்லை. ஆனால் கடைசி நேரத் திருத்தங்கள் அச்சகக் கணினியில் மட்டும் நடந்து, உங்கள் யூனிகோட் மூலத்துக்கு வராமல் போவது அங்கேதான். ஆறு மாதம் கழித்து மின்னூல் வரும்போது பழைய பிழைகள் எல்லாம் உயிரோடு எழும்பும். ஒவ்வொரு திருத்தத்தையும் முதலில் உங்கள் மூலத்தில் செய்து, அதன் பட்டியலை அச்சகத்துக்குக் கொடுப்பதே ஒழுங்கு.

நிலப்படம் இல்லாமல் மிகுபுனைவு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டும் என்றால் போடுங்கள், ஆனால் இரண்டு பக்கம் விரித்துப் போடாதீர்கள். முதுகில் பசை பூசி ஒட்டுகிற பசைக்கட்டில் நடுவில் ஒரு சென்ரிமீற்றர் விழுங்கப்படும். உங்கள் தலைநகரம் அந்த இடத்தில்தான் இருக்கும். ஒரே பக்கத்தில், கறுப்பு வெள்ளையில், கோடாக வரைந்த படம், அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தி, எழுத்து 8 புள்ளிக்குக் குறையாமல். சாம்பல் நிழல் தீட்டிய படம் சாதாரணத் தாளில் அழுக்குப்போல் தெரியும். படத்தில் உள்ள ஊர்ப்பெயர் எழுத்து கணினிக் கோப்பில் வேறு அடுக்கில் (லேயர்) இருக்கட்டும், மூன்றாம் பாகத்தில் புதிய ஊர் சேர்க்க வேண்டிவரும்.

தாளுக்கு 80 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 80 கிராம்), கொஞ்சம் பழுப்பு நிறமானது, கண்ணுக்கு இதம். 70 போட்டால் மறுபக்க எழுத்து நிழலாடும், ஆனால் நிறை குறையும். 80இல் 320 பக்க நூல் ஒன்று அட்டையோடு 400 கிராம் சொச்சம். 300 பிரதி 120 கிலோ. கொழும்பில் அடித்து பஸ்ஸில் போட்டுவிடலாம் என்று நினைக்கிறவர்கள் இந்த எண்ணை முதலில் பார்க்கவேண்டும். முதுகுத் தடிப்பு 160 தாளுக்கு ஏறக்குறைய 16 மிமீ. அட்டை முழு அகலம் 140 + 16 + 140, சுற்றிவர வெட்டுக்கு 3 மிமீ விட்டால் 302 × 222 மிமீ. இந்த 16ஐ நம்பி அட்டையை முடித்துவிடாதீர்கள். அதே தாளில் வெற்றுப் புத்தகம் ஒன்று கட்டித்தரக் கேட்டு அளந்துபாருங்கள். இரண்டு மில்லிமீற்றர் பிழைத்தால் முதுகு எழுத்து முன்னட்டைக்கு வழிந்துவிடும், தட்டில் நாலு பாகத்தையும் வரிசையாக வைக்கும்போது அது பல்லிளிக்கும்.

கட்டு. 320 பக்கம் வரை பசைக்கட்டு தாங்கும். 400 தாண்டினால் மடிப்புகளை நூலால் தைத்துப் பிறகு பசை போடச் சொல்லுங்கள், காசு கூடத்தான். சூட்டுப்பசை வெயிலுக்கு இளகும், இளகிய பசை ஆறும்போது வெடிக்கும். நண்பகலில் மூடிய வான் வண்டிக்குள் பெட்டிகளை விட்டுவிட்டு மண்டபத்தில் கதிரை அடுக்கப் போகாதீர்கள். தாளின் நார் முதுகுக்குச் சமாந்தரமாக ஓடவேண்டும் என்பதையும் அச்சகத்திடம் கேட்டுவையுங்கள். குறுக்கே ஓடினால் ஈரக்காற்றுப் பட்டதும் பக்கம் அலையடிக்கும், நூல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

அட்டை ஓவியரோடு நான்கு பாகத்துக்கும் சேர்த்து ஒரே தரத்தில் பேசுங்கள், எழுத்தில். படத்தைப் பாவிக்கும் உரிமை அச்சுக்கும் மின்னூலுக்கும் விளம்பரத்துக்கும் உண்டா, அடுக்குகளோடு மூலக்கோப்பு கிடைக்குமா, ஓவியர் நடுவில் விலகினால் அதே பாணியில் இன்னொருவர் தொடரலாமா என்ற மூன்றும் அதில் இருக்கவேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி படைப்புக்குப் பதியாமலே உரிமை உண்டு. உங்களுக்கு நாவலில் இருப்பதுபோல ஓவியருக்கு ஓவியத்தில். காசு கொடுத்தாயிற்று, இனி என்னுடையது என்று வாய்ப்பேச்சில் விட்டால் மூன்றாம் பாகத்தில் வில்லங்கம் வரும். பக்க வடிவமைப்பவரிடமும் பிடிஎப் மட்டுமின்றித் திருத்தக்கூடிய திறந்த கோப்பையும் கேட்டு வாங்குங்கள். மறுபதிப்பில் ஓர் எழுத்துப் பிழை திருத்தப் புதுக்கூலி கொடுப்பவர்கள் அதைக் கேட்க மறந்தவர்கள்தான்.

தொடரின் முதுகில் பெயர், பாக எண், உங்கள் சின்னம் மூன்றும் அடியிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கட்டும். இருண்ட வனம், இரவு வாவி என்று அட்டை வரைபவர்கள் கணினித் திரையில் பார்த்து மயங்குகிறார்கள். அச்சில் அது ஒரு படி இருட்டாகும். நால்வண்ண முறைக்கு (சயன், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு) மாற்றி, ஒரு தாள் மாதிரி எடுத்துப் பார்த்து, தேவையென்றால் வெளிச்சத்தைக் கூட்டுங்கள். பெரிய கறுப்புப் பரப்புக்குத் தனிக் கறுப்பு மை போதாது, சாம்பலாகத் தெரியும். மற்ற மூன்று நிறங்களையும் கொஞ்சம் கலக்கவேண்டும். உள்பக்க எழுத்துக்கோ தனிக் கறுப்பு மட்டும்தான், கலந்தால் எழுத்து இரட்டையாகும். மற்றது, விலையை அட்டையில் அச்சிடாதீர்கள். 2022இல் தாளில்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளையே தள்ளிப்போட்ட நாடு இது. சிறு ஒட்டுத்தாளில் விலையை ஒட்டினால், மறுபதிப்பில் மாற்றலாம்.

அச்சு முடிந்து பெட்டி வந்ததும் மீதிக் காசைக் கொடுக்குமுன் முப்பது பிரதியாவது பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். ஒரு மடிப்பு இரண்டு தரம் வந்திருக்கும், ஒன்று விடுபட்டிருக்கும், ஒன்று தலைகீழாக இருக்கும். இவை அரிதல்ல. கூலியில் நாலில் ஒரு பங்கை இந்தப் பரிசோதனைக்குப் பிறகு கொடுப்பதாக ஆரம்பத்திலேயே பேசிக்கொண்டால் முகம் முறியாது. மட்டக்களப்பு, கல்முனை அச்சகங்களில் அடிப்பதன் பெரிய இலாபம் இதுதான். இயந்திரத்தில் முதல் தாள் ஓடும்போதே நேரில் நின்று பார்க்கலாம். ஆனால் அட்டையும் கட்டும் அங்கேயே நடக்கிறதா, வெளியே அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். அனுப்பினால் இரண்டு வாரம் கூட வைத்துக் கணக்கிடுங்கள்.

நூலுக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இலக்கத்தை கொழும்பிலுள்ள தேசிய நூலகம் மற்றும் ஆவணவாக்கல் சேவைகள் சபை வழங்குகிறது. இலங்கை இலக்கங்கள் 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். தொடருக்கு ஒன்று எடுத்தால் போதும் என்று எண்ணவேண்டாம், பாகம் ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம். மாற்றமில்லாத மறு அச்சுக்குப் பழைய இலக்கமே. நூலகங்கள் பட்டியலிட உதவும் நூற்பட்டியல் தரவையும் அங்கேயே கேட்டு வாங்கி, உள்பக்கத்தில் போடுங்கள். அச்சுக்குப் போகுமுன் இது கையில் இருக்கவேண்டும். வெளியீட்டாளர் பெயராக ஒன்றை இப்போதே தீர்மானித்து நான்கிலும் அதையே வைத்திருங்கள். தொடரின் பெயரையும் ஓர் இடைவெளிகூட மாறாமல் எழுதுங்கள். ஒன்றில் சேர்த்தும் ஒன்றில் பிரித்தும் எழுதினால் நூலகப் பட்டியலிலும் இணையத் தேடலிலும் அவை இரண்டு தொடர்கள். தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குச் சட்டப்படி போகவேண்டிய பிரதிகளை அச்சகம் ஒப்படைக்கிறதா என்று கேட்டு, அந்த எண்ணிக்கையையும் உங்கள் 300இல் கழித்துக்கொள்ளுங்கள்.

மின்னூலை அச்சுநூல் வந்த பிறகு பார்க்கலாம். அமேசான் கிண்டிலில் தமிழ் மின்னூல் ஏற்றலாம். ஆனால் அவர்களுடைய அச்சு வசதி தமிழுக்கு இல்லை, ஆகவே அந்த வழியில் தாள்நூலை எதிர்பார்க்காதீர்கள். ஒருவருக்கு ஒரு கணக்குத்தான். மின்னூலுக்கு ஐஎஸ்பிஎன் கட்டாயமில்லை. வேர்டில் அத்தியாயத் தலைப்புகளுக்குத் தலைப்புப் பாணியைக் கொடுத்திருந்தால் உள்ளடக்கம் தானாக அமையும். எழுத்தைப் பெரிதாக்கித் தடித்ததாக்கினால் அமையாது. அட்டைப்படம் 2560 × 1600 படப்புள்ளி, உயரம் அகலத்தின் 1.6 மடங்கு. படத்தைச் செயற்கை நுண்ணறிவு செய்தது என்றால் ஏற்றும்போது அதைத் தெரிவிக்கவேண்டும். உரிமத்தொகை 35 வீதம், 70 வீதம் என்று இரண்டு. 70க்கு அமெரிக்கச் சந்தையில் விலை 2.99 முதல் 9.99 டொலருக்குள் இருக்கவேண்டும், கோப்பின் பருமனுக்கு ஒரு கட்டணமும் கழிப்பார்கள். நிலப்படத்தைச் சுருக்கிப் போடச் சொல்வது அதனால்தான். தமிழ் மின்னூலுக்கு இந்திய வாசகர்தான் முக்கியம். இந்திய விற்பனையில் 70 வீதம் வேண்டுமானால் கிண்டிலின் ‘செலக்ட்’ என்ற திட்டத்தில் சேரவேண்டும். அது 90 நாள் ஒப்பந்தம், அந்த நாட்களில் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக்கூடாது. முகநூலில் அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டவர்கள் நூலின் பத்து வீதத்துக்கு மேல் உள்ளதை எடுத்துவிட்டுச் சேருங்கள். நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்துக்குக் கொடுக்கும் எண்ணமிருந்தால் ஒப்பந்தம் முடிந்த பிறகு கொடுங்கள். அச்சுநூலை விற்பதற்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. செலக்டில் 90 நாளுக்கு ஐந்து நாள் இலவசமாகக் கொடுக்கலாம். அதை மூன்றாம் பாகம் வருகிற வாரத்தில் முதலாம் பாகத்துக்குப் பாவியுங்கள். கையில் ஒரே ஒரு பாகத்தை வைத்துக்கொண்டு இலவசம் கொடுப்பதில் ஒரு பலனும் இல்லை. வரிப்படிவத்தைக் கவனமாக நிரப்புங்கள்: அமெரிக்க விற்பனையில் 30 வீதம் பிடிப்பார்கள், இலங்கைக்கு அமெரிக்காவோடு வரி உடன்படிக்கை இருப்பதால் அதைக் கோரினால் பிடித்தம் குறையும்.

விற்பனைக்கு ஒக்டோபரை மறக்கவேண்டாம். அது தேசிய வாசிப்பு மாதம். பாடசாலைகளும் பிரதேச சபை, மாநகர சபை நூலகங்களும் நூல் வாங்குவதும் கண்காட்சி வைப்பதும் அந்த நாட்களில்தான். கொழும்புச் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி செப்ரெம்பரில். ஆகவே ஓகஸ்டில் நூல் கையில் இருந்தால் நல்லது. நூலகத்துக்கு மூன்றாம் பாகத்தை மட்டும் விற்க முடியாது, தொகுதியாகத்தான் கேட்பார்கள். வெளிவந்த பாகங்களை ஒரே விலைப்பட்டியலில் போட்டு, தொகுதிக்கு ஒரு கழிவு காட்டுங்கள். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகம் இருக்கிறது; இந்த வகை நூலுக்கு மாணவர்தான் முதல் வாசகர், பழுத்த இலக்கியவாதிகள் அல்ல. கடைகளுக்கு ஐந்து ஐந்து பிரதியாகக் கொடுங்கள், கையொப்பமிட்ட துண்டோடு. ‘விற்றால் காசு’ என்ற கணக்கில் ஐம்பது பிரதியை ஒரே கடையில் இறக்கினால், காசும் வராது, ஒரு வருடம் கழித்து வெயிலில் அட்டை வெளுத்த ஐம்பது பிரதி திரும்பிவரும். மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களம் நூற்பரிசுக்கு விண்ணப்பம் கேட்கும்போது பாகம் தனியாகப் போட்டியிட முடியுமா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். பாதிக் கதைக்குப் பரிசு கொடுக்க நடுவர்கள் தயங்குவது இயல்பு. முதலாம் பாகத்துக்கு அதற்குள்ளேயே ஒரு முடிவு இருக்கும்படி எழுதியிருந்தால் அந்தத் தயக்கம் குறையும். வாசகருக்கும் அதுதான் நியாயம். இரண்டாம் பாகத் தொடக்கத்தில் ஒன்றரைப் பக்க முன்கதைச் சுருக்கம் போடுங்கள், முதலாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் அடுத்த பாகத்தின் பெயரைப் போடுங்கள். திகதியைப் போடாதீர்கள்.

மிஞ்சியிருப்பது, விற்காத பிரதிகளை எங்கே வைப்பது என்பது. கார்த்திகை தொடங்கித் தை வரை மாரி. களுவாஞ்சிக்குடிப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவதும் புதினமில்லை. பெட்டிகள் நிலத்தில் இருக்கக்கூடாது. முழங்கால் உயரத்துக்கு மரச்சட்டம் அல்லது மேசை, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. நூலைப் படுக்கையாக அடுக்குங்கள், முதுகு மாறி மாறி வரும்படி, ஓர் அடுக்கில் பத்துக்கு மேல் வேண்டாம். பொலித்தீனால் இறுகச் சுற்றினால் ஈரம் உள்ளே அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். மேலே விரித்துக் கூரை ஒழுக்கை மட்டும் தடுத்தால் போதும். வேப்பிலை வைத்தாலும் வைக்காவிட்டாலும் மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து கறையான் பாருங்கள். அந்த நேரத்தில் முதலாம் பாகத்தில் எத்தனை மிச்சம் என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். நாற்பதுக்குக் கீழே இறங்கினால், பிழைத்திருத்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போகவேண்டிய நேரம்.